கோல்ஃப் ஸ்விங் திருந்த வகுப்பு வேண்டுமா, தனியாகப் பயிற்சி செய்தால் போதுமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்கிறேன். ஒன்றரை வருடமாக ஆடுகிறீர்கள், வலது கைக்காரர். டிரைவரை, அதாவது தொலைதூர அடிக்கான நீளமான மட்டையை, எடுத்தால் பந்து இடப்பக்கம் கிளம்பி, போகப்போக வலப்பக்கம் வளைந்து தொலைந்துவிடுகிறது. அயர்னில், அதாவது இரும்புத் தலை மட்டையில், பாதி அடிகள் பந்தைத் தொடும் முன்பே தரையைத் தோண்டுகின்றன. வாரம் இரண்டு நாள் ரேஞ்சில், அதாவது பயிற்சித் திடலில், நூறு நூறு பந்து அடிக்கிறீர்கள். வீடியோ பார்க்காத நாளில்லை. ஆனாலும் ஸ்கோர் அசையவில்லை. கோச்சிடம் பணம் கட்டுவதா, நல்ல டிரில்களை, அதாவது ஒரு குறையைத் திருத்தும் தனிப் பயிற்சிகளை, தெரிந்துகொண்டு தனியாகவே செய்வதா என்று கேட்கிறீர்கள்.

கோச்சிடம் போங்கள், ஆனால் வாராவாரம் வேண்டாம். டிரில் செய்யுங்கள், ஆனால் ஒரு நேரத்தில் ஒரு குறைக்கு மட்டும். ரேஞ்சில் அடிக்கும் பந்துகளை உடனே பாதியாகக் குறைத்துவிடுங்கள். சித்திரமும் கைப்பழக்கம்தான். ஆனால் நேர்கோடு எது, கோணல் கோடு எது என்று கைக்குத் தெரியாது. எதைத் திரும்பத் திரும்பச் செய்கிறோமோ அதைப் பழகிக்கொள்ளும். வாரம் இருநூறு பந்தை ஒரே தவறோடு அடித்தால் அந்தத் தவறு வேர்விட்டுவிடும். நானே இரண்டு வருடம் அப்படி இழந்திருக்கிறேன். பிறகு அதைப் பிடுங்க இன்னும் இரண்டு வருடம் ஆயிற்று. உங்களுக்கு அது நேரக்கூடாது என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். கிளப், அதாவது மட்டை, பந்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் நேரம் ஒரு விநாடியின் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. பந்துக்கு அந்தக் கணம் மட்டும்தான் தெரியும். கிளப் எவ்வளவு வேகத்தில் வந்தது, எந்தத் திசையில் வீசிக்கொண்டு வந்தது, அதன் முகம் எந்தப் பக்கம் பார்த்தது, முகத்தின் எந்த இடத்தில் பந்து பட்டது, வீச்சின் அடிப்புள்ளி, அதாவது கிளப் மிகத் தாழ்வாக வரும் இடம், எங்கே இருந்தது. இவ்வளவுதான் பந்துக்குக் கணக்கு. பேக்ஸ்விங், அதாவது கிளப்பை மேலே தூக்குவது, அழகாக இருந்ததா, முழங்கை மடங்கியதா என்று அது பார்ப்பதில்லை. ஜிம் ஃப்யூரிக்கின் ஸ்விங்கைப் பார்த்திருப்பீர்கள். கிளப் மேலே போகும்போது ஒரு பாதை, இறங்கும்போது சுற்றி வளைத்து இன்னொரு பாதை. எந்தப் பாடத்திலும் அப்படிச் சொல்லித்தர மாட்டார்கள். அந்த ஸ்விங்கோடுதான் அவர் 2003-இல் யு.எஸ். ஓபன் வென்றார், 2016-இல் ஒரே சுற்றை 58 அடிகளில் முடித்தார். பந்தைத் தொடும் கணத்தில் அவருடைய கிளப் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி வந்து சேர்ந்துவிடும், அவ்வளவுதான். ஆகவே ஸ்விங்கின் தோற்றத்தைத் துரத்தாதீர்கள். தொடும் கணத்தில் உங்களுக்கு எது தவறுகிறது என்பதைக் கண்டுபிடியுங்கள்.

அதைக் கண்டுபிடிக்கப் பந்தின் பறத்தலைப் படிக்கத் தெரிய வேண்டும். பந்து கிளம்பும் திசையைப் பெரும்பாலும் தீர்மானிப்பது கிளப் முகம் பார்க்கும் திசை. முக்கால் பங்குக்கும் மேல் அதுதான். பிறகு எந்தப் பக்கம் வளைகிறது என்பதைத் தீர்மானிப்பது முகத்துக்கும் கிளப்பின் பாதைக்கும் இடையே உள்ள வித்தியாசம். முகம் பாதைக்கு வலப்புறம் பார்த்தால் பந்து வலப்பக்கம் வளையும்; இடப்புறம் பார்த்தால் இடப்பக்கம். பல காலம் இதைத் தலைகீழாகச் சொல்லிக்கொடுத்தார்கள்: பாதைதான் கிளம்பும் திசை, முகம்தான் கடைசியில் சேரும் திசை என்று. ரேடார் கருவிகள் வந்து அளந்து காட்டிய பிறகுதான் அந்த நம்பிக்கை தளர்ந்தது. இன்றும் சிலர் பழைய பாடத்தையே சொல்வார்கள், கவனமாக இருங்கள்.

உங்கள் பந்து இடப்பக்கம் கிளம்பி வலப்பக்கம் வளைகிறது என்றால், முகம் இலக்குக்குக் கொஞ்சம் இடப்புறம் பார்க்கிறது, கிளப்பின் பாதை அதைவிட அதிகமாக இடப்புறம் போகிறது என்று பொருள். அதாவது கிளப் பந்துக்கு அப்பாலிருந்து உடல் பக்கமாக, வெளியிலிருந்து உள்ளே இழுபடுகிறது. உங்கள் முதல் குறை பாதை. பந்து நேராகவோ வலப்பக்கமாகவோ கிளம்பி மேலும் வலப்பக்கம் வளைந்திருந்தால், முகம் திறந்திருக்கிறது, கிரிப்பிலிருந்து, அதாவது கிளப்பைப் பிடிக்கும் முறையிலிருந்து, தொடங்குங்கள் என்று சொல்லியிருப்பேன். இரண்டையும் ஸ்லைஸ் என்றுதான் சொல்கிறோம், ஆனால் மருந்து வேறு வேறு.

இதில் ஒரு பொறி இருக்கிறது. பந்து வலப்பக்கம் போவதைப் பார்த்துப் பயந்து, நாம் நம்மை அறியாமல் தோள்களை இடப்பக்கம் திருப்பி நிற்கிறோம். அப்படி நின்றால் கிளப்பின் பாதை இன்னும் இடப்பக்கம் போகிறது, வளைவு கூடுகிறது. அடுத்த பந்துக்கு இன்னும் கொஞ்சம் திரும்பி நிற்கிறோம். ஒரு சீசன் முழுக்க இப்படிப் போனால், இலக்கைப் பார்த்து நேராக நிற்கவே உடலுக்குக் கூச்சமாகிவிடும்.

அயர்னில் தரையைத் தோண்டுவது தனிக் குறை என்று நினைக்க வேண்டாம். இரண்டும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன என்பது என் கணிப்பு. உடல் எடை வலது காலிலேயே தங்கிவிட, மேலிருந்து இறங்கும்போது தோள்கள் முதலில் திரும்பி, கைகள் கிளப்பைப் பந்தை நோக்கி எறிந்துவிடுகின்றன. தோள் முந்தினால் பாதை வெளியிலிருந்து உள்ளே. எடை பின்னால் நின்றால் அடிப்புள்ளி பந்துக்குப் பின்னால். ஊஞ்சலை நினைத்துப் பாருங்கள். கயிறு எந்தக் கிளையில் கட்டியிருக்கிறதோ அதற்கு நேர் கீழேதான் பலகை மிகத் தாழ்வாக வரும். நம் ஸ்விங்குக்கு அந்தக் கிளை மார்பு. மார்பு பந்துக்குப் பின்னாலேயே நின்றுவிட்டால் கிளப் பந்துக்குப் பின்னால்தான் தரையைத் தொடும். பலகையை எவ்வளவு தள்ளினாலும் பயனில்லை. கிளையைத்தான் முன்னே கொண்டுபோக வேண்டும். நல்ல ஆட்டக்காரர்களின் அயர்ன் அடியில் அடிப்புள்ளி பந்தைத் தாண்டி ஏறத்தாழ 10 செ.மீ. முன்னால் இருக்கும். அதனால்தான் அவர்கள் முதலில் பந்தை எடுத்து, பிறகு புல்லை எடுக்கிறார்கள்.

டிரைவரில் மட்டும் ஏன் இவ்வளவு வளைகிறது, குறுந்தூர அடிக்கான வெட்ஜ் மட்டையில் வளைவதில்லையே என்று தோன்றும். வெட்ஜின் முகச் சாய்வு அதிகம். பந்து பின்னோக்கிச் சுழல்வது பலமாக இருப்பதால் அதே தவறு பந்தின் சுழல் அச்சைக் கொஞ்சமாகத்தான் சாய்க்கிறது. டிரைவரின் சாய்வு மிகக் குறைவு. அங்கே ஒளிந்துகொள்ள இடமில்லை. இன்னொன்று, டிரைவரின் முகத்தில் எங்கே படுகிறது என்பதும் வளைவைக் கூட்டும். குதிகால் பக்கம், அதாவது தண்டுக்கு அருகில் பட்டால் ஸ்லைஸ் பக்கம் சுழற்சி ஏறும். நுனிப் பக்கம் பட்டால் எதிர்ப்பக்கம் ஏறும். கால் பாதத்துக்கு அடிக்கும் பவுடர் ஸ்ப்ரேயைக் கிளப் முகத்தில் லேசாகத் தெளித்து அடித்தால் பந்து பட்ட தடம் அப்படியே தெரியும். பத்து பந்துக்கு இதைச் செய்து பாருங்கள். எல்லாத் தடமும் குதிகால் பக்கமே விழுந்தால், உங்கள் ஸ்லைஸில் பாதி அங்கேயே இருக்கிறது. ஸ்விங்கை மாற்றும் முன் எவ்வளவு தள்ளி நிற்கிறோம், நிற்கும்போது எடை முன்பாதத்தில் சாய்ந்திருக்கிறதா என்பதைப் பார்க்க வேண்டும்.

இப்போது கிரிப். உங்கள் முதல் குறை பாதைதான் என்றாலும், கிரிப் சரியில்லாதவரிடம் வேறு எதைத் திருத்தினாலும் அது நிலைக்காது என்பதால் சொல்கிறேன். கைகள் மட்டும்தான் கிளப்பைத் தொடுகின்றன. இடது கையில் கிளப் உள்ளங்கையில் கிடக்கக் கூடாது. விரல்களின் அடியில், சுட்டுவிரலின் நடுக்கணுவிலிருந்து சுண்டுவிரலின் அடிவரை சாய்ந்து கிடக்க வேண்டும். பிடித்துக்கொண்டு மேலிருந்து பார்த்தால் இடது கையில் இரண்டு அல்லது மூன்று விரல் முட்டிகள் தெரிய வேண்டும். கட்டைவிரலும் சுட்டுவிரலும் சேரும் கோடு வலது தோளை நோக்கிக் காட்ட வேண்டும். ஒரே ஒரு முட்டிதான் தெரிகிறது, கோடு தாடையைக் காட்டுகிறது என்றால் கிளப் முகம் திறந்துதான் வரும். அதைச் சமாளிக்கத்தான் பலர் கிளப்பை உள்ளே இழுக்கிறார்கள். ஆக, பாதைக் கோளாறுக்குக்கூட விதை கிரிப்பில் இருக்கலாம்.

வலது கையின் சுண்டுவிரலை இடது கையின் மேல் ஏற்றி வைப்பதா, விரல்களைக் கோர்ப்பதா, பத்து விரலும் கிளப்பைத் தொடுமாறு பிடிப்பதா என்று நிறைய வாதம் நடக்கும். முதல் முறையை ஹாரி வார்டன் பெயரால் அழைக்கிறோம். ஜாக் நிக்லஸும் டைகர் வுட்ஸும் கோர்த்துப் பிடிப்பவர்கள். உங்கள் கை அளவுக்கு எது வசதியோ அது போதும். அதில் நேரம் செலவழிக்க வேண்டாம். புதிய கிரிப் சில வாரங்களுக்கு அந்நியமாகத்தான் இருக்கும். அதைப் பழகப் பந்தே தேவையில்லை. வீட்டில் கண்ணில் படும் இடத்தில் ஒரு கிளப்பை வைத்துவிட்டு, போகும்போதும் வரும்போதும் எடுத்துச் சரியாகப் பிடித்து, இரண்டு முறை மணிக்கட்டை அசைத்துவிட்டு வைத்துவிடுங்கள். ஒரு நாளைக்கு முப்பது முறை. மூன்று வாரத்தில் கை தானாக அங்கே போய் உட்காரும்.

நிற்கும் திசை பற்றி ஒரு வார்த்தை. ரயில் தண்டவாளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வெளித் தண்டவாளத்தில் பந்தும் இலக்கும். உள் தண்டவாளத்தில் பாதங்கள், இடுப்பு, தோள்கள். தரையில் இரண்டு குச்சிகளைப் போட்டுக்கொள்ளாமல் ரேஞ்சில் ஒரு பந்துகூட அடிக்காதீர்கள்.

இனி வகுப்பு. உங்களைப் போன்ற நிலையில் இருப்பவருக்குக் கோச் எதற்குத் தேவை என்றால், ஸ்விங் செய்பவருக்குத் தன் ஸ்விங் தெரியாது. நாம் செய்வதாக உணர்வது ஒன்று, உடல் செய்வது வேறு. 'கிளப்பை மிகவும் உள்ளே கொண்டு வந்துவிட்டேன், பந்து வலது கோடிக்குப் போகும்' என்று நினைத்து அடித்த அடியைப் பதிவில் பார்த்தால், பழைய பாதையிலிருந்து ஒரு விரற்கடைதான் நகர்ந்திருப்போம். மாற்றம் உண்மையில் நிகழ வேண்டுமென்றால் உணர்வில் அதை மிகைப்படுத்தியே ஆக வேண்டும். எவ்வளவு மிகை என்று சொல்ல வெளியிலிருந்து ஒரு கண் வேண்டும்.

வீடியோக்களின் சிக்கலும் இதுதான். அவற்றில் தவறான பாடம் குறைவு; ஆனால் ஒவ்வொன்றும் யாரோ ஒருவருடைய குறைக்கான மருந்து. பந்தை இடப்பக்கம் வளைத்து ஹூக் அடிப்பவருக்குச் சொன்னதை ஸ்லைஸ் அடிப்பவர் எடுத்துக்கொண்டால் நோய் முற்றும். 'தலையை அசைக்காதே' என்ற அறிவுரையையே எடுத்துக்கொள்ளுங்கள். அதை அப்படியே பிடித்துக்கொண்டவர்கள்தான் எடையை இடது காலுக்கு மாற்ற முடியாமல் தரையைத் தோண்டுகிறார்கள். உங்களுக்கு அது நஞ்சு.

நல்ல கோச்சை எப்படி அறிவது? முதல் வகுப்பில் அவர் அதிகம் பேச மாட்டார். உங்களுக்கு முதுகுவலி, மூட்டுவலி உண்டா, வாரம் எத்தனை மணி நேரம் ஒதுக்க முடியும் என்று கேட்பார். பதினைந்து இருபது பந்துகளைச் சும்மா பார்ப்பார். பிறகு பந்து ஏன் இப்படிப் பறக்கிறது என்று காரணம் சொல்வார். கடைசியில் ஒரே ஒரு மாற்றம் தருவார். ஒரு மணி நேரத்தில் ஏழு விஷயங்களைச் சொல்பவரிடம் மறுபடி போகாதீர்கள். அவர் அறிவாளியாக இருக்கலாம், ஆனால் ஏழையும் எந்த உடலும் வாங்கிக்கொள்ளாது. தன்னிடம் வரும் எல்லோருக்கும் ஒரே ஸ்விங்கைத் தைத்துக்கொடுப்பவரையும் தவிர்த்துவிடுங்கள்.

வகுப்பு முடிந்ததும் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. கோச்சின் முன்னாலேயே, இன்று என்ன மாற்றினோம் என்பதை உங்கள் சொந்த வார்த்தையில் சொல்லி மொபைலில் பதிவு செய்யுங்கள். சரியாகச் செய்தால் பந்து எப்படிப் பறக்கும், அளவுக்கு மீறிச் செய்தால் எப்படிப் பறக்கும் என்று இரண்டையும் கேளுங்கள். இரண்டாவது கேள்வியைப் பலர் கேட்பதில்லை. ஆனால் தனியாகப் பயிற்சி செய்யும்போது, மருந்து போதும் என்று உங்களுக்குச் சொல்லப் போவது அதுதான். அடுத்த வகுப்பு மூன்று வாரம் கழித்துப் போதும். நடுவில் நீங்கள் பயிற்சி செய்யவில்லை என்றால் அடுத்த வகுப்பைத் தள்ளிப்போடுங்கள். அதே பாடத்துக்கு இரண்டு முறை பணம் கட்ட வேண்டாம்.

பெரிய ஆட்டக்காரர்கள் இந்தப் பொறுமைக்கு நல்ல சாட்சி. நிக் ஃபால்டோ 1980-களின் நடுவில், ஏற்கெனவே வெற்றிகள் கண்டிருந்த தன் ஸ்விங்கை கோச் டேவிட் லெட்பெட்டரிடம் ஒப்படைத்து முழுக்க மாற்றினார். ஏறத்தாழ இரண்டு வருடம் ஆட்டம் கீழே போனது, அவர் முடிந்துவிட்டார் என்று பேசினார்கள். 1987 பிரிட்டிஷ் ஓபனின் கடைசிச் சுற்றில் பதினெட்டுக் குழிகளிலும் பதினெட்டு பார், அதாவது குழிக்கு வகுத்த அடி எண்ணிக்கையே, எடுத்து அவர் வென்றார். டைகர் வுட்ஸ் 1997 மாஸ்டர்ஸை 12 அடி வித்தியாசத்தில் வென்ற பிறகும் கோச் புட்ச் ஹார்மனோடு உட்கார்ந்து ஸ்விங்கை மாற்றத் தொடங்கினார். நீங்கள் அப்படி முழுதாகப் பிரித்துக் கட்ட வேண்டியதில்லை. எனக்குப் பிடித்தது நிக்லஸின் வழி. பத்து வயதில் தனக்குச் சொல்லிக்கொடுத்த ஜாக் கிரவுட்டிடமே ஒவ்வொரு சீசன் தொடங்கும்போதும் போய், கிரிப், நிற்கும் நிலை என்று அடிப்படையிலிருந்து பார்த்துக்கொள்வாராம்.

டிரில்களுக்கு வருகிறேன். உங்கள் குறைக்கு நான்கு போதும். அதிலும் முதல் இரண்டுதான் உயிர்.

முதலாவது கோட்டு டிரில். புல்தரையிலோ மணலிலோ ஒரு கோடு போடுங்கள். பந்து வேண்டாம். கோடு இரு பாதங்களுக்கு நடுவே இருக்குமாறு நின்று, ஏழாம் நம்பர் அயர்னில் பாதி ஸ்விங் செய்யுங்கள். கிளப் தரையைத் தொட்ட தடம் கோட்டிலோ, கோட்டுக்கு இலக்குப் பக்கத்திலோ விழ வேண்டும். முதலில் தடம் கோட்டுக்குப் பின்னால்தான் விழும். கையால் சரிசெய்யப் பார்க்காதீர்கள். இறங்கும்போது இடது பாதத்தில் பாரம் ஏறுகிறதா, மார்பு கோட்டுக்கு மேல் வந்துவிட்டதா என்று மட்டும் பாருங்கள். பத்தில் எட்டு முறை தடம் சரியாக விழுந்த பிறகே கோட்டின் மேல் பந்தை வையுங்கள். பந்து வந்ததும் பழைய ஸ்விங் திரும்பும். அப்போது மறுபடி பந்தை எடுத்துவிட வேண்டும். இந்தப் போய்வரவுதான் பயிற்சி. ரேஞ்சில் பாய் மட்டும் இருந்தால் ஒரு எச்சரிக்கை: பாயில் பின்னால் பட்டாலும் கிளப் வழுக்கிக்கொண்டு போய்ப் பந்தை எடுத்துவிடும், நல்ல அடி என்று நம்ப வைக்கும். பந்துக்குப் பின்னால் ஓர் உள்ளங்கை தூரத்தில் துண்டை மடித்துப் போடுங்கள். துண்டைத் தொடாமல் பந்தை அடிக்க வேண்டும். துண்டு பொய் சொல்லாது.

இரண்டாவது, பாதைக்கு. டிரைவரின் தலையுறையையோ காலிப் பந்து அட்டைப்பெட்டியையோ எடுத்து, பந்துக்கு வெளிப்புறமாக, பந்திலிருந்து ஒரு சாண் பின்னால், அதாவது இலக்குக்கு எதிர்ப்பக்கம் வையுங்கள். கிளப் வெளியிலிருந்து இறங்கினால் அதில் இடிக்கும். உள்ளிருந்து இறங்கினால் தாண்டிப் போகும். கல், கம்பு போன்ற கடினமான எதையும் வைக்கக் கூடாது, மணிக்கட்டு போய்விடும். ஆரம்பத்தில் வலது காலை அரையடி பின்னால் இழுத்து வைத்துக்கொண்டு செய்தால் உள்ளிருந்து வருவது எளிதாக இருக்கும். பந்து வலப்பக்கம் கிளம்பி இடப்பக்கம் திரும்பும் அடி ஒன்று வந்தால் மகிழுங்கள், அது நேராகப் போகாவிட்டாலும் சரி. வாழ்நாளில் முதல்முறையாகப் பந்தை எதிர்ப்பக்கம் வளைத்திருக்கிறீர்கள். இரண்டு பக்கமும் வளைக்கத் தெரிந்தவருக்கு நடுவில் நேர் அடி தானாகக் கிடைக்கும்.

மூன்றாவது, அடியெடுத்து வைக்கும் டிரில். பாதங்கள் இரண்டையும் சேர்த்து வைத்துத் தொடங்குங்கள். கிளப் மேலே போய்ச் சேரும் தறுவாயில், இன்னும் இறங்கத் தொடங்கும் முன், இடது காலை இலக்கை நோக்கி எடுத்து வைத்து, பிறகு அடியுங்கள். கவண் சுற்றுபவரும் கல் எறிபவரும் இயல்பாகச் செய்வது இதைத்தான்: கால் முன்னே, கை பின்னே. கோல்ஃப் கிளப் கைக்கு வந்ததும் நாம் அந்த இயல்பை மறந்துவிடுகிறோம். தோள் முந்துவதை வாயால் சொல்லித் திருத்துவது கடினம்; இந்த ஓர் அடி சொல்லாமலே திருத்தும்.

நான்காவது, கைகள் இடுப்பு உயரத்திலிருந்து இடுப்பு உயரம் வரை மட்டும் போகும் சின்ன ஸ்விங். ஆர்வம் தராத பயிற்சி இது. ஆனால் இந்தச் சிறு ஸ்விங்கில் பந்து சுத்தமாகப் படாதவருக்கு முழு ஸ்விங்கில் படுவது தற்செயல்தான். ஒவ்வொரு பயிற்சி நாளும் இதில்தான் தொடங்க வேண்டும்.

வேகத்தைப் பற்றி ஒரு குறிப்பு. மெதுவாக அடி என்று எல்லோரும் சொல்வார்கள். தொழில்முறை ஆட்டக்காரர்களின் பதிவுகளை எண்ணிப் பார்த்தால், பேக்ஸ்விங் எடுக்கும் நேரம் இறங்கும் நேரத்தைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு. வேகமாக ஆடுபவரிடமும் நிதானமாக ஆடுபவரிடமும் இந்த விகிதம் பெரிதாக மாறுவதில்லை. நீங்கள் மெதுவாக்க வேண்டியது ஸ்விங்கை அல்ல, திரும்பும் அந்த ஒரு கணத்தில் இருக்கும் அவசரத்தை.

டிரைவருக்கு மட்டும் இந்த ஊஞ்சல் கணக்கு மாறும். பந்து இடது குதிகாலுக்கு நேராக, பந்தைத் தாங்கும் டீ என்ற முளை உயரமாக, கிளப்பின் முடிக்கு மேல் பாதிப் பந்து தெரிய வேண்டும். தோள் வலப்பக்கம் லேசாகச் சாய்ந்திருக்கும். அடிப்புள்ளியைத் தாண்டி, கிளப் ஏறத் தொடங்கும்போது பந்தைச் சந்திக்கிறது. ஆனால் எடை இடது காலுக்குப் போவதில் மாற்றமில்லை. அதை நிறுத்திவிட்டு மேல்நோக்கி அடிக்க முயன்றால் பழைய குறை திரும்பும். முதல் ஐந்து வாரம் டிரைவரைப் பையிலேயே விட்டுவிடுங்கள் என்பதுதான் என் யோசனை.

பந்தின் எண்ணிக்கையைப் பாதியாக்கச் சொன்னேன், மீதி நேரத்தில் என்ன செய்வது? ஐம்பது பந்து, ஒரு மணி நேரம். முதல் இருபது பந்து டிரில். ஒவ்வொரு பந்துக்கும் முன்னால் பந்தில்லாமல் இரண்டு மெதுவான ஸ்விங். அடுத்த முப்பது பந்தில் ஒரே கிளப்பை அடுத்தடுத்து எடுக்காதீர்கள். எட்டாம் நம்பர் ஒரு இலக்குக்கு, பிறகு வெட்ஜ் இன்னொன்றுக்கு, பிறகு ஐந்தாம் நம்பர். ஒவ்வொரு முறையும் பின்னால் போய் நின்று, இலக்கைப் பார்த்து, புதிதாக வந்து நில்லுங்கள். 1979-இல் ஷே, மார்கன் என்ற இரு ஆய்வாளர்கள் கை அசைவுப் பணிகளை வைத்துச் செய்த சோதனை இதற்கு அடிப்படை. ஒரே பணியைத் தொடர்ந்து செய்தவர்கள் பயிற்சியின்போது நன்றாகச் செய்தார்கள். மாற்றி மாற்றிச் செய்தவர்கள் அப்போது தடுமாறினார்கள். ஆனால் நாள் கழித்துச் சோதித்தபோது மாற்றிச் செய்தவர்களே நன்றாக நினைவில் வைத்திருந்தார்கள். ரேஞ்சில் பிரமாதமாக அடித்துவிட்டு மைதானத்தில் ஏமாறுவதற்கு விளக்கம் இதில் இருக்கிறது. மைதானத்தில் ஒரே அடி இரண்டு முறை வருவதில்லை.

மனத்தை எங்கே வைப்பது என்பதும் முக்கியம். காப்ரியேல் வுல்ஃபும் அவருடன் சேர்ந்தவர்களும் 1999-இல் புதிதாகக் கற்பவர்களைக் கொண்டு, குறுகிய கோல்ஃப் அடி ஒன்றில் ஓர் ஆய்வு செய்தார்கள். தன் கைகளின் அசைவைக் கவனித்தவர்களைவிடக் கிளப்பின் அசைவைக் கவனித்தவர்கள் துல்லியமாக அடித்தார்கள். அதனால், வலது முழங்கை எங்கே என்று யோசிப்பதைவிட, கிளப்பின் தலை அந்த அட்டைப்பெட்டியில் இடிக்காமல் அதற்கு நம் பக்கமாக வரட்டும் என்று நினைப்பது உங்களுக்கு உதவும்.

வாரம் ஒருமுறை மொபைலில் பதிவெடுங்கள். கேமரா கைகளின் உயரத்தில் இருக்கட்டும். ஒன்று இலக்குக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து, கைகளின் கோட்டுக்கு நேராக. மற்றொன்று மார்புக்கு எதிரே. கேமரா ஓர் அடி இடம் மாறினாலே சரியான பாதை தவறாகத் தெரியும், ஆகவே நிற்கும் இடத்தைத் தரையில் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பந்துக்கும் பதிவைப் பார்ப்பது வேண்டாம்; பயிற்சி கெட்டுவிடும்.

உடம்பையும் பாருங்கள். கெட்டியான பாயில் தோண்டித் தோண்டி அடிப்பவர்களுக்கு முழங்கையின் உள்பக்கத்தில் வலி வரும், கீழ்முதுகு அடுத்தது. ஐந்து நிமிடம் இடுப்பையும் தோளையும் சுழற்றாமல் கிளப்பைத் தொடாதீர்கள். வலித்தால் அன்று நிறுத்திவிட்டு வீட்டில் கண்ணாடி முன் மெதுவான ஸ்விங் செய்யுங்கள். முழு ஸ்விங்கை அரை நிமிடத்துக்கு நீட்டி, ஒவ்வொரு கட்டத்திலும் நின்று பார்ப்பது. தினமும் பத்து நிமிடம் இதைச் செய்தவர்கள் ரேஞ்சுக்கே போகாமல் மாறுவதை நான் பார்த்திருக்கிறேன்.

ஸ்விங்கை விடு, பந்தைக் குழிக்குள் உருட்டும் பட்டிங்கைப் பழகு, அங்கேதான் ஸ்கோர் இருக்கிறது என்று யாராவது சொல்வார்கள். கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் பிராடி ஏராளமான அடிகளை அலசி, நல்ல ஆட்டக்காரருக்கும் சுமாரானவருக்கும் இடையே உள்ள வித்தியாசத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு 100 கெஜத்துக்கு அப்பாலிருந்து அடிக்கும் அடிகளில் வருகிறது என்று காட்டினார். பட்டிங்கை விடச் சொல்லவில்லை. ஆனால் ஸ்விங்கில் நீங்கள் போடும் உழைப்பு வீண் அல்ல.

முதல் மூன்று வாரத்தில் ஸ்கோர் மோசமாகும். மைதானத்தில் பாதை, கிரிப், எடை என்று மூன்றையும் சுமந்துகொண்டு போகாதீர்கள்; கோச் கொடுத்த ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, மற்ற நேரம் இலக்கைப் பாருங்கள். ஆறாவது வாரத்தில் டிரைவரை வெளியே எடுத்து, மறுபடி பவுடர் தெளித்துப் பத்து பந்து அடியுங்கள்.

வகுப்புக்குப் போகும்முன், இந்த வாரமே ஒரு வேலை செய்துவிடுங்கள். முதல் பத்து பந்துகளின் தடம் விழுந்த டிரைவர் முகத்தைப் படமெடுத்து வையுங்கள். ஏழாம் நம்பரில் இருபது பந்து அடித்து, ஒவ்வொன்றும் எங்கே கிளம்பியது, எந்தப் பக்கம் வளைந்தது, தரையில் தடம் பந்துக்கு முன்னாலா பின்னாலா என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டையும் கொண்டுபோய் அந்தக் கோச்சின் கையில் கொடுங்கள். முதல் அரை மணி நேரம் அங்கேயே மிச்சமாகும்.